கிரேனக்கா மேலே போகிறாள்

வேலைத்தளத்தில் அவளை எல்லாரும் கிரேனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்துகொண்டு, கம்பிக் கட்டுகளைத் தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல இறக்கி வைப்பாள். ஆனால் உடம்பு பெருத்துக்கொண்டே போய், ஒருநாள் ஏணியின் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. தீயணைப்பு ஆட்கள் வந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அன்றோடு மேலே போகிற வேலை போயிற்று. தரையில் நின்று மேலே இருப்பவருக்குச் சைகை காட்டுகிற வேலை கொடுத்தார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

இரைப்பையைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் யோசனை தங்கச்சியுடையது. அவளுக்கும் அதே உடல்வாகு, கூடவே சர்க்கரை வேறு. "ஒண்ணா படுப்போம், ஒண்ணா எந்திரிப்போம்க்கா" என்றாள். அப்படியே செய்தார்கள். அடுத்தடுத்த கட்டில். வலியிலும் இரண்டு பேரும் சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

முதல் சில மாதங்கள் ஒரே கொண்டாட்டம். காலையில் எழுந்ததும் எடை பார்ப்பது, உடனே போன் போடுவது. "எனக்கு இறங்கிருச்சு!" "எனக்கும்!" பள்ளிக்கூடத்தில் மார்க் சொல்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தது. வேலைத்தளத்தில் கிரேனக்காவின் பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட வேண்டியிருந்தது.

பிறகு அவளுடைய எடை முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. தங்கச்சியுடையது மட்டும் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே இருந்தது.

கிரேனக்கா எடைக்கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். சமையலறையில் நின்று பார்த்தாள், குளியலறை வாசலில் பார்த்தாள், படுக்கையறையில் ஒற்றைக்காலில் கூடப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அதே இடம்.

"தரையை மாத்துனா எடை மாறுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"நீங்க வாயை மூடுனா மாறும்."

உணவு ஆலோசகர் பொறுமையாகத்தான் சொன்னாள். "இந்தத் தேக்கம் நிறையப் பேருக்கு வரும். உடம்பு கொஞ்சம் நின்னு தன்னைச் சரி பண்ணிக்குது. முட்டை, பருப்பு, மீன்னு புரதத்தை முதல்ல சாப்பிடுங்க. நல்லா மெல்லுங்க. நடக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க. தங்கச்சியோட ஒப்பிட்டுப் பார்க்காதீங்க."

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்கதானே?"

"பிறந்த வயிறு ஒண்ணு. இப்போ இருக்கிற வயிறு தனித்தனிதானே?"

சிரிப்பு வந்தது, ஆறுதல் வரவில்லை. ஆனாலும் சொன்னதைச் செய்தாள். மதிய இடைவேளையில் கட்டிக்கொண்டிருக்கிற கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கினாள். தங்கச்சியின் போனை மட்டும் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவள் சொல்லப்போகிற எடையைக் கேட்கிற தெம்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியே வாசலில் வந்து நின்றாள். கிரேனக்கா ஆடிப்போனாள். தங்கச்சி மெலிந்திருந்தாள்தான், ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. தலையில் வகிடு அகலமாகியிருந்தது.

"என்னடி இது?"

"கொத்துக் கொத்தா கொட்டுதுக்கா. ரெண்டு வாய்க்கு மேல போனா எல்லாம் வெளிய வந்துடுது. தண்ணி கூட நிக்க மாட்டேங்குது."

"எத்தனை நாளா? ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எல்லாரும் சூப்பரா இளைச்சுட்டேன்னு சொல்றாங்க. நீயும் போனை எடுக்கல. பொறாமையில எடுக்கலைன்னு நினைச்சு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு."

"பொறாமைதான்" என்றாள் கிரேனக்கா. "செருப்பைப் போடு. கிளம்பு."

ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்கு முன்னால் ஒரே கூட்டம். அவசரப் பிரிவில், ஆபரேஷன் செய்த டாக்டர் நான்காவது மாடியில் இருக்கிறார், கிளம்பப்போகிறார் என்றார்கள். தங்கச்சியைக் கீழே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கிரேனக்கா படிகளில் ஓடினாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய டாக்டரைக் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள். பழைய ரிப்போர்ட் கேட்டார். அது தங்கச்சியின் பையில் இருந்தது. இறங்கினாள், எடுத்தாள், மறுபடி ஏறினாள். பிறகு சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டு, தங்கச்சியை அழைத்துவர மறுபடி இறங்கினாள்.

தங்கச்சி அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"அக்கா."

"என்னடி, தலை சுத்துதா?"

"இல்ல. நீ நாலு மாடி ஏறி ஏறி இறங்குற. மூச்சே வாங்கலையே உனக்கு!"

கிரேனக்கா நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். இதயம் வேகமாகத்தான் அடித்தது. ஆனால் வாய் திறந்து காற்றைத் தேடவில்லை. முட்டி வலிக்கவில்லை.

தங்கச்சிக்குச் சாப்பாடு இறங்குகிற வழி ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. குழாய் விட்டு அதை விரித்தார்கள். சத்துக்கு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஒரு கிண்ணம் சூப்பைக் குடித்துவிட்டு, அது உள்ளேயே நின்றதும், தங்கச்சி அழுதாள். "முடி திரும்ப முளைக்குமாம்க்கா, டாக்டர் சொல்லிட்டாரு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எப்போ மேல ஏறப் போற?" என்று கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் கிரேனக்கா மறுநாள் காலை சூப்பர்வைசரின் அறைக்குப் போனாள்.

"சார், நான் ஏறிக் காட்டட்டுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாதுகாப்பு பெல்ட் தாங்குற எடைக்குக் கீழ நீங்க எப்பவோ வந்துட்டீங்களே. நீங்களா வந்து கேப்பீங்கன்னு பார்த்துட்டே இருக்கேன்."

"எடை அப்படியே நிக்குதே சார்?"

"கிரேன் உங்களை எடை போட்டா ஏத்துது? டாக்டர் சீட்டு கொண்டு வாங்க, நாளைக்கே ஏறுங்க."

மறுநாள் வேலைத்தளமே வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றது. வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கிரேனக்கா பெல்ட்டை மாட்டிக் கொக்கியைப் பூட்டினாள். அவளுக்குப் பின்னால் துணைக்கு ஒரு ஆபரேட்டர் ஏறினார்.

ஏணிக்கு நடுநடுவே நின்று போகத் தட்டுகள் இருந்தன. முதல் தட்டு. இரண்டாவது தட்டு. கையுறைக்குள் உள்ளங்கை வியர்த்தது. பழைய இடம் வந்ததும் கால் தானாகத் தயங்கியது. இங்கேதான் அன்று மூச்சு முட்டி மாட்டிக்கொண்டு நின்றாள். கீழிருந்து யாரோ, "கிரேனக்கா, விடாதீங்க!" என்று கத்தினார்கள். அடுத்த கம்பியைப் பிடித்தாள். அதற்கடுத்ததையும். காற்று பலமாக முகத்தில் அடித்தது. தட்டுக்குத் தட்டு நின்று இளைப்பாறினாள். வெட்கப்படவில்லை. தலைக்கு மேலே கேபினின் தரைக்கதவு தெரிந்தது. அந்தச் சதுர ஓட்டையில் முன்பெல்லாம் பக்கவாட்டில் நெளிந்துதான் நுழைவாள். இப்போது தோளும் இடுப்பும் எங்கேயும் இடிக்காமல் நேராக உள்ளே போய்விட்டாள். போன வேகத்தில் அவளுக்கே சந்தேகம் வந்து குனிந்து பார்த்தாள்.

"ஓட்டையைப் பெருசாக்கிட்டாங்களா?"

"ஓட்டை அதேதாங்க்கா!" என்று கீழிருந்து துணை ஆபரேட்டர் சிரித்தார்.

இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடிகள். ஊர் முழுக்கக் காலடியில், வெயிலில் பளபளவென்று. அவள் கூவிய கூவலில் கேபின் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு மூச்சை அடக்கி, கொக்கியை மெல்ல இறக்கி, முதல் கம்பிக் கட்டைத் தூக்கினாள். அது ஆடாமல் அசையாமல் மேலே வந்தது.

அடுத்த மாதம் எடை கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த மாதம் மறுபடி நின்றது. இனி இப்படித்தான் போகும் என்று புரிந்துவிட்டதால் வீடு முழுக்கக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. தங்கச்சி நிதானமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள், கன்னத்தில் நிறம் திரும்பியது.

"இன்னிக்கு எவ்வளவுக்கா?" என்று ஒருநாள் பழக்கதோஷத்தில் போனில் கேட்டுவிட்டாள்.

"பார்க்கலடி. அது கிடக்கட்டும், இதைக் கேளு! அடுத்த வாரம் உச்சி மாடிக்கு ராட்சசக் கண்ணாடி ஏத்தணுமாம். இம்மி பிசகினாலும் தூள் தூளாயிடும். யார் கையில குடுத்திருக்காங்க, சொல்லு பார்ப்போம்!"