நிமிடத்துக்கு நாற்பது லிட்டர்

ஊற்றை அளப்பது என் வேலை. வாரம் ஒருமுறை மலையேறி, ஊற்றுக் குழாயின் வாயில் இருபது லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். நான்தான் கோட்டை விட்டேன்.

அன்று நகராட்சிக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. நாற்காலிக்கு ஒரு பாட்டில் இலவசமாக வைத்திருந்தார்கள். எந்த ஊர்க்காரன் வாயில் மண்ணைப் போட்டு எடுத்த தண்ணீரோ!

"எந்தக் கோடையிலயும் இந்த ஊற்று வற்றினதே இல்லை. உங்க பதிவேடே சாட்சி," என்றார் கம்பெனிக்காரர்.

என் அக்கா எழுந்தாள். அவள் வைத்திருக்கும் சலவைக் கடை அந்த ஊற்றை நம்பித்தான் ஓடுகிறது.

"மூணு வருஷம் முன்னாடி வத்துச்சே! ஜூன் மாசம் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. வயித்துல தையலோட லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னவ நான்."

நாலைந்து பேர் "ஆமாமா" என்றார்கள்.

"வாயால சொன்னாப் போதாதும்மா," என்று அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "இந்தா, மே மாசம் நாலு வாரமும் நாற்பது லிட்டர். ஜூன்லயும் நாற்பது. அளந்தது உங்க தம்பிதானே?"

அந்த மே மாதம் நான் மலைப் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தேன். லீவு கொடுக்க மாட்டார்கள் என்று, ஏப்ரல் மாதத்து நாற்பதையே வாராவாரம் எழுதினேன். ஜூனில் ஏறிப் பார்த்தால் ஊற்று காய்ந்து கிடந்தது. திடீரென்று சைபர் போட்டால் கேள்வி வருமே என்று, மழை வரும்வரை நாற்பதையே எழுதித் தள்ளினேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மே மாதம் நான் எங்கே இருந்தேன் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அதை அவள் சொன்னால் பதிவேடு பொய்யாகிவிடும். என் வேலையும், இரண்டு வருடத்தில் வர வேண்டிய பென்ஷனும் போய்விடும்.

"எனக்குத்தான் நாள் குழம்பியிருக்கும் சார்," என்றாள் அக்கா.

"தம்பியே அக்காவுக்கு ஆப்பு வெச்சுட்டான்டா!" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க எழுதினது சரிதானே?"

உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமாக.

"சரிதான் சார்," என்றேன்.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். தையல் போட்ட இடத்தில் கையை வைத்திருந்தாள். வேறு ஆட்சேபணை இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் எனக்காக நின்றிருந்தாள். நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சோறு வெச்சிருக்கேன். வந்து சாப்பிட்டுப் போடா," என்றாள்.