பீப் சத்தம் இல்லாத ஐந்து நாட்கள்

தனகோட்டியின் கார் சாவி ஒரு திங்கட்கிழமை மாலை வேலைநிறுத்தம் செய்தது. இருபத்தொன்றாம் பிளாக்கில் தன் குவார்ட்டர்ஸ் வாசலில், வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டு வழக்கம்போல் சாவியின் பொத்தானை அழுத்தினார். விளக்கு மினுங்கவில்லை. தெருவுக்கே தெரிந்த அந்தப் பீப் சத்தமும் வரவில்லை. இரண்டு வாரமாகவே அது முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. காரை ஒட்டி நின்று நாலைந்து முறை அழுத்தினால்தான் கேட்கும். இன்று அதுவும் இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. சாவியைக் கதவில் நுழைத்துத் திருகிப் பூட்டிவிட்டு நடந்தார்.

கேட்டில் கை வைத்தவர் அப்படியே நின்றார். வீட்டுக்குள் யாரோ சிரிக்கிறார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அல்ல. மூச்சு வாங்க, தரையில் கையை அடித்துச் சிரிக்கிற சிரிப்பு. "போதும்டி, வவுறு வலிக்குது, வுட்டுடு" என்று நடுவில் ஒரு குரல் கெஞ்சியது. அது தன் மனைவி பொற்கொடியின் குரல்தான் என்று நம்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.

"இரும்மா, இன்னும் கீரைக்காரம்மா வரல" என்றாள் மகள் இசைப்பிரியா. பிறகு, கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கும் அந்தப் பெண்ணின் தொண்டையிலிருந்து ஐம்பது வயதுக் கட்டைக்குரல் ஒன்று புறப்பட்டது. "கீரை... அரைக்கீரை, முளக்கீரை, சிறுகீரேய்..." குரல் தெருவில் நடந்து வருவதுபோல் வளர்ந்தது. திடீரென்று நின்றது. சில நொடிகள் எதுவுமே இல்லை. பொற்கொடி மட்டும் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு கொஞ்சம் தள்ளி, அடுத்த வீட்டு வாசலில் கேட்பதுபோல், "...பொன்னாங்கண்ணீய்!"

சிரிப்புக்கிடையே இருவரும் சொல்லிக்கொண்டதை வைத்துத் தனகோட்டிக்கு மெல்லத்தான் புரிந்தது. நைட் ஷிப்ட் முடித்து அவர் பகலில் தூங்கிய நாட்களில் கீரைக்காரம்மா இந்த வீட்டைக் கடந்த விதம் அது. பொற்கொடி ஓடிப்போய் கேட்டில் நின்று உதட்டில் விரல் வைப்பாளாம். கூடைக்காரி வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, கால் நுனியில் இந்த வீட்டைத் தாண்டிப் போய், அடுத்த வாசலில் குரலை அவிழ்த்து விடுவாளாம். இத்தனையும் நடந்தபோது உள்ளறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டிய இருட்டில், அவர் படுத்திருந்திருக்கிறார்.

சிரிப்பு அவருக்கும் வந்தது. கூடவே, அடுத்தவர் கடிதத்தைப் படித்துவிட்ட கூச்சமும் வந்தது. சத்தமில்லாமல் காருக்குத் திரும்பிப் போனார். கதவைத் திறந்து, வேண்டுமென்றே ஓங்கிச் சாத்தினார்.

வீடு அணைந்தது. யாரோ மெயினை இறக்கிவிட்ட மாதிரி.

அவர் உள்ளே போனபோது பிரியா மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். டிவியில் உதடுகள் மட்டும் அசைந்தன. "வந்துட்டீங்களா, டீ போடறேன்" என்றாள் பொற்கொடி, கோயில் கருவறை முன்னால் பேசுகிற குரலில். அவள் கண் ஓரம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

சுரங்கத்தில் ராட்சதச் சக்கரம் வைத்து மண்ணை வாரும் இயந்திரத்தை இருபத்துநான்கு வருடம் ஓட்டியவர் தனகோட்டி. வாரம் ஒரு ஷிப்ட். காலை, மதியம், நைட் என்று மாறி மாறி வரும். நைட் வாரத்தில் வீடு பகலெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை கூடியதால் ஏழு மாதம் முன்பு டாக்டர் எழுதிக்கொடுத்து, இப்போது ஜெனரல் ஷிப்ட். மாலை ஐந்தரைக்கு மனிதர்களைப்போல் வீடு திரும்புகிறார். ஆனால் வீடு அமைதியாகவேதான் இருந்தது. அது இந்த வீட்டின் சுபாவம், சில வீடுகளுக்குச் சாம்பிராணி மணம் இருப்பதுபோல் என்று அவர் நினைத்திருந்தார். பெண்டாட்டி அமைதியானவள், பெண் அதிகம் பேசாதவள் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

அன்று படுக்கையில் அவருக்கு ஒரு கேள்வி முளைத்தது. நான் இல்லாத வீடுதான் இவர்களுடைய உண்மையான வீடா?

செவ்வாய்க்கிழமை, பஜாரில் கைக்கடிகாரக் கடையைத் தாண்டும்போது பேட்டரி ஞாபகம் வந்தது. நிறுத்தவில்லை. அன்று மாலை காரை ஒரு வீடு தள்ளி நிறுத்தினார். கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்றார். குக்கர் விசில் அடிக்கப் போகும் நொடியில் பொற்கொடி கரண்டியோடு பாய்ந்து வெயிட்டைத் தூக்கும் காட்சியைப் பிரியா நடித்துக்கொண்டிருந்தாள். புதனன்று அம்மாவும் பெண்ணும் சண்டை போட்டார்கள், அதுவும் உரக்க. அந்தச் சண்டை அவருக்குச் சிரிப்பைவிட இனித்தது. வியாழனன்று நேரே உள்ளே போய்விடுவது என்று உறுதியெடுத்து வந்தவர், படியில் கால் வைத்ததும் செருப்புச் சத்தம் கேட்டு உள்ளே பேச்சு நிற்பதை உணர்ந்து, சோர்ந்து போனார்.

வெள்ளியன்று கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தபோது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. செங்கமலம், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள்.

"இன்னா சார், நாலு நாளா பாக்கறேன். சொந்த வூட்டையே நோட்டம் பாத்துக்கினு நிக்கறீங்க?"

"இல்லம்மா... சாவி. சாவில பேட்டரி தீந்துபோச்சு."

"பேட்டரி தீந்தா செம்பருத்திகிட்டயா சார்ஜ் ஏத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பைப்பை அடுத்த பாத்திக்கு இழுத்துப் போனாள்.

காது மடல் சுட்டது அவருக்கு. திருடன் போல் நின்று கேட்பது சிரிப்பே ஆனாலும் திருட்டுதான். அன்றே கடைக்குப் போய், சாவியைக் காட்டி எந்த எண் பேட்டரி என்று கேட்டு, காசு அளவில் வட்டமாக மின்னும் புதியது ஒன்றை வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துச் சாவியை வைத்தார்.

"பிரியா, இத எப்டிம்மா தொறக்கறது?"

அவள் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மொதல்ல பின்னாடி இருக்கற குட்டி ஸ்க்ரூ. அப்புறம் இந்த இடுக்குல ஒரு ரூபாய் காசு விட்டுத் திருகணும். மெதுவாப்பா! இது மெஷின் இல்ல, சாவி."

டக்கென்று ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே ரப்பர் பொத்தான்கள், நகமளவுப் பச்சைத் தகடு, ஒரு மூலையில் உளுந்துபோல் கறுப்பாக ஏதோ ஒன்று. அதை அவர் விரலால் நோண்டப் போனார்.

"ஐயோ, அது சிப்புப்பா. அது தொலைஞ்சா வண்டியே ஸ்டார்ட் ஆகாது." கையைத் தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் தட்டியது அவளுக்கு உறைத்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

பல் குத்தும் குச்சியால் பழைய பேட்டரியை நெம்பி எடுத்தார்கள். புதியதைத் தொடும் முன் கையைத் துடைக்கச் சொன்னாள். "எண்ணெய்க் கைபட்டா ஒழுங்கா ஒட்டாது. பிளஸ் எந்தப் பக்கம்? பாத்து வைங்க. எங்க லேப்ல பொற்செல்வி மேடம் இப்படித்தான் ஒரு நாள் தலைகீழா மாட்டிட்டு, அரை மணி நேரம் மல்டிமீட்டரத் திட்டினாங்க. அப்புறம் பாத்தா..." வேலையில் மூழ்கியதில் அவளுக்கு எதிரில் இருப்பது யார் என்பது மறந்துபோயிருந்தது. குரல் மேலே ஏறியது. மேடத்தின் மூக்குக் குரல் அரைகுறையாக அதில் எட்டிப் பார்த்தது. அடுக்களையில் பொற்கொடியும் அவர் வீட்டில் இருப்பதை மறந்து, நெல்லிக்குப்பத்துத் தங்கையோடு போனில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஓடுகளையும் அமுக்கி மூடி, தனகோட்டி பொத்தானை அழுத்தினார்.

வெளியே வேப்பமரத்தடியில் கார், பீப் என்றது.

பிரியாவின் வாய் பாதிச் சொல்லில் மூடிக்கொண்டது. அடுக்களையில் பேச்சு அறுந்தது. பொற்கொடி போனை மார்போடு அணைத்தபடி கதவோரம் வந்து, வாசற்பக்கம் பார்த்து, மெல்லிய குரலில் சொன்னாள்: "அப்பா வந்துட்டாங்க."

சொன்ன பிறகுதான் மேசையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் இங்கதான இருக்கேன்" என்றார் தனகோட்டி.

யாரும் சிரிக்கவில்லை. அவர் சாவியைச் செய்தித்தாள் மேல் வைத்தார். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. திங்கள் முதல் வெள்ளி வரை கேட்டருகில் நின்றதை, கீரைக்காரம்மாவை, கைக்குட்டையை, எல்லாவற்றையும் தலை குனிந்தபடி சொல்லி முடித்தார். "என்னைக் கண்டா அவ்ளோ பயமா ஒங்களுக்கு?"

"பயமா?" பொற்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு பயந்தாங்க? ராத்திரி பூரா அந்தப் பள்ளத்துல கண்ணு முழிச்சிட்டு வர்ற மனுசன், நாலு மணி நேரமாச்சும் தூங்கட்டுமேன்னு பொத்திக்கினு கெடந்தோம். கொழந்தைல இவ அழுதா தூக்கிக்கினு செங்கமலம் வூட்டுக்கு ஓடுவேன். அப்புடியே பழகிப்போச்சு."

"இப்பத்தான் ஏழு மாசமா ஜெனரல் ஷிப்ட்ல இருக்கேனே?"

"ஒங்களுக்கு மாத்திட்டாங்க. எங்களுக்கு யாரு மாத்துனா?"

இத்தனை வருடமும் அந்த வீட்டில் ஷிப்ட் பார்த்தது மூன்று பேர் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் தூக்கத்துக்கு இரண்டு பேர் காவல் நின்றிருக்கிறார்கள். காவலை முடித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

"பிரியா, அந்தக் கீரைக்காரம்மாவ ஒரு தடவ பண்ணிக் காட்டேன்."

"ஒங்க முன்னாடி வராதுப்பா."

"வர வெக்கலாம்." சாவியைக் கையில் எடுத்தார். "மைன்ஸ்ல தீ விபத்து டிரில் வெப்பாங்க. சைரன் அடிச்சா ஓடணும்னு பழக்குவாங்க. இது மாத்திப் பழகறது. நான் அமுக்குவேன், நீ நிறுத்தக் கூடாது."

"ஏங்க, ஞாயித்துக்கெழம காலைல தெருவெல்லாம் என்னான்னு கேப்பாங்க" என்றாள் பொற்கொடி. ஆனாலும் கதவோரத்திலிருந்து நகரவில்லை.

பிரியா தொண்டையைச் செருமினாள். "கீரை... அரைக்கீ..."

பீப்.

நின்றுவிட்டாள். "முடியலப்பா, தானா மூடிக்குது."

"மறுபடி."

"கீரை, அரைக்கீரை, முள..." பீப். "...க்..." தடுமாறினாள். முகம் சிவந்தது. பொற்கொடி முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை அழுத்தும் முன், தனகோட்டியே ஆரம்பித்தார். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே, கீழே நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்று இருபத்துநான்கு வருடம் கத்திப் பழகிய குரல் அது. வீட்டில் ஒருமுறைகூட அவர் எடுத்ததில்லை. "கீரேய்ய்ய்!" என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பிரியா திடுக்கிட்டு, பிறகு முகத்தைச் சுளித்தாள். "ஐயே, அது கீரை விக்கற குரலாப்பா? வெடி வெக்கறதுக்கு முன்னாடி மைன்ஸ்ல வார்னிங் குடுக்கற மாதிரி இருக்கு. இங்க பாருங்க, மூக்குல ஆரம்பிக்கணும், அப்புறம் கழுத்துக்கு எறக்கணும்." செய்து காட்டினாள். அவர் நடுவில் பொத்தானை அழுத்தினார். அவள் கண்ணைச் சிமிட்டினாள், ஒரு எழுத்தைத் தவறவிட்டாள், ஆனால் மேலே போனாள். அரைக்கீரை முடிந்து முளைக்கீரை வந்தது. குதிகாலை உயர்த்திக் கால் நுனியில் மேசையைச் சுற்றி, வாயை மட்டும் அசைத்தபடி நடந்தாள்.

"அவ கூடைய எடது பக்கம்டி வெச்சிருப்பா" என்று பொற்கொடி உரக்கத் திருத்தினாள். இருவரும் ஒரே நேரத்தில் எதையோ சொல்லி, ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது எந்த வருடத்து எந்தக் கூடை என்று தனகோட்டிக்குப் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பவனைப்போல், ஒரு கணம் பிந்தித்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. பரவாயில்லை என்று தோன்றியது. நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கூடைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.