இண்டூருக்கு வந்துசேர்ந்த ஆடுகள்

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, இண்டூரில் இன்னாசிராஜ் வீட்டு வாசலில் முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளாடுகள் நின்றன. எல்லாம் ஒரே ஆடு. ஒரே பழுப்பு நிறம், இடது காதில் ஒரே கிழிசல். இன்னாசிராஜ் பல் துலக்கிக்கொண்டே அவற்றைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மாடிப்படி அருகே நின்று மகளைக் கூப்பிட்டார். “ஜெனிஷா, நீ வரைஞ்ச ஆடு வந்திருக்குது பாரு.”

அவர் சொன்னது சரிதான். ஜெனிஷாவும் அவளுடன் தருமபுரியில் கல்லூரியில் படித்த சுபாவும் அந்த வீட்டு மாடி அறையில் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு செல்போன் விளையாட்டைச் செய்திருந்தார்கள். ஜெனிஷா படம் வரைவாள், சுபா புரோகிராம் எழுதுவாள். மழை பிடிப்பதற்குள் ஓர் ஆட்டை அடிவாரத்திலிருந்து சித்தேரி மலை உச்சிக்கு ஓட்டிப்போக வேண்டும், விளையாட்டு அவ்வளவுதான். புதன்கிழமை விற்பனைக்கு வந்தது. வியாழக்கிழமை யாரோ அதன் பூட்டை உடைத்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். விலை கொடுத்து வாங்கியவர்களின் ஆடுகள் அவரவர் போனிலேயே தங்கின. திருட்டுக் காப்பியின் ஆடுகளுக்குப் போக்கிடம் இல்லாததால் வரைந்தவளைத் தேடி வந்துவிட்டன.

ஆவணி பிறப்பதற்குள் அவை பதினாலாயிரம் ஆயின. நிலக்கடலைக் காடுகளிலும், மாதா கோயில் மதில் மேலும், பஸ் நிறுத்தத்திலும் நின்றன. பஸ்கள் பனிக்குள் நுழைவது போல அவற்றுக்குள் நுழைந்து போயின. தொட்டால், வெகுநேரம் பேசிய போனின் முதுகு போல வெதுவெதுப்பாக இருந்தன. செடியைக் கடிக்கவில்லை, புழுக்கை போடவில்லை, கரண்ட் மட்டும் குடித்தன. “ஏங்க, உங்க ஆடுங்கள கொஞ்சம் அந்தாண்ட ஓட்டுங்க. மோட்டார் எடுக்க மாட்டேங்குது” என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து சொன்னார்கள். இன்னாசிராஜ் துண்டை வீசி ஓட்டுவார். அவை வேலி வரை போய், மின்விசிறி போல முனகிக்கொண்டு திரும்பி வரும்.

எல்லா ஆடுகளும் வலது முன்காலை நொண்டின. பூட்டை உடைத்தவன் அவசரத்தில் எதையோ கெடுத்திருந்தான். விளையாட்டில் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் ஆடு நின்றுவிடும். காசு கொடுக்காமல் விளையாடியவர்கள் இதற்காகக் கோபமாக எழுதினார்கள், மட்டமான சரக்கு என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அதைப் படித்து, வாங்க நினைத்தவர்களும் வாங்காமல் விட்டார்கள். சுபா ஒருவர் விடாமல் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்ததாகத் தொடங்கியிருந்த பரிசல் விளையாட்டு பாதியில் நின்றது. புரட்டாசியில் அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது.

“இத்தன பேருக்குப் பிடிச்சிருக்குது ஜெனி. அதான் தாங்க முடியல” என்றாள். “பிடிக்கலன்னா சட்டுனு எழுந்து போயிருப்பேன்.”

ஜெனிஷா போகாதே என்று சொல்லவில்லை. பஸ் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆடுகள் நொண்டிக்கொண்டே வழி விட்டன.

அதன்பிறகு அவள் வரைவதை நிறுத்தினாள். மதிய வேளைகளில் காட்டில் ஆடுகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தாள். மழைக்கு முந்தைய மண்வாசனை அவற்றின் மேல் எப்போதும் இருந்தது. உற்றுப் பார்த்தால், ஒவ்வோர் ஆட்டின் கண்ணிலும் அதை விளையாடிக்கொண்டிருப்பவரின் முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர், ரயில் ஜன்னலோரம் ஒரு பெண், பெட்ரோல் பங்கில் சீருடையோடு ஒருவர். எல்லாரும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் கோபப்பட ஜெனிஷா பலமுறை முயன்றாள். முடியவில்லை.

கார்த்திகையில் சித்தேரியிலிருந்து மாதம்மாள் என்று ஒரு பெண் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். மலையில் சாமை விதைப்பவள். விளையாட்டின் முதல் பக்கத்தில் ஊர்ப்பெயர் பார்த்து வந்திருந்தாள். “ஏம்மா, மூணாவது வளைவுல ஆடு மக்கர் பண்ணுது. எங்க மலையில அந்த எடத்துல எந்த ஆடும் நிக்காது, தெரியுமா?”

“எங்க வாங்கினீங்கக்கா?”

“வாங்கலியே. செல்போன் கடையில சும்மா ஏத்திக் குடுத்தாங்க.”

ஜெனிஷா அவளை மாடிக்குக் கூட்டிப்போய், சுவரெல்லாம் ஒட்டியிருந்த படங்களையும் சுபாவின் காலி நாற்காலியையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். மாதம்மாள் ஒவ்வொரு படமாகக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“இத ஆளுங்க உக்காந்து செய்யறீங்களா? நான் மழையாட்டம் தானா வருதுன்னு இருந்தேனே.”

பிறகு கீழே இறங்கி, ஆடுகளுக்குள் நடந்து, தன் முகம் தெரிந்த ஆட்டைக் கண்டுபிடித்தாள். வாங்கும் வழியைக் கேட்டு, அங்கேயே நின்று போனில் வாங்கினாள். ஆடு காலை ஊன்றியது. கயிறில்லாமல் அவள் பின்னாலேயே போய் பஸ் ஏறியது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார்.

மாதம்மாள் மலையில் சொல்ல, அது மலைக்கு வெளியிலும் பரவியது. சிலர் நேரில் வந்தார்கள். வர முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே வாங்க, அவர்களுடைய ஆடுகள் தனியாக ரோட்டோரம் நடந்து போயின. தை மாதத்துக்குள் ஆயிரத்துச் சொச்சம் போயிருந்தன. மற்றவை இன்றும் இண்டூரில்தான் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் போட்டிருக்கிறார்கள்.

சுபா ஓசூர் வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முதல் பஸ்ஸுக்கு வருகிறாள். பரிசல் விளையாட்டு மெதுவாக வளர்கிறது. போன வாரம் இருவருக்கும் டீ கொண்டுபோன இன்னாசிராஜ், இதில் என்ன பிராணி என்று கேட்டார்.

“மீனுப்பா” என்றாள் ஜெனிஷா.

எத்தனை என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆள் விட்டுக் கிணற்றைத் தூர்வார ஆரம்பித்தார்.