அங்கேயும் மேளமா?

ஆலத்தியூர் சிமெண்டு ஆலை வேலையை உதறிவிட்டு, கடற்கரையில் ஆட்டமும் பாட்டுமாக வாழப்போகிறேன் என்று தாய்லாந்துக்குப் போனவன் அறிவரசன். அக்கா வெற்றிச்செல்வி காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்; இப்போதுதான் போனை எடுத்தான். அந்தப் பக்கம் பார்ட்டிப் பாட்டு காதைக் கிழித்தது.

"தம்பி, அப்பா போயிட்டாருடா!"

"எங்க போனாரு? ஒண்ணும் கேக்கலக்கா!"

தொண்டை கிழியக் கத்தினாள். அதற்குள் வாசலில் பறை முழங்கத் தொடங்கியது. பாழாய்ப்போனவனுக்கு அது மட்டும் கேட்டது.

"அங்கயும் மேளமா? யாரு வூட்டு விசேஷம்? ஸ்பீக்கர்ல போடுறேன், நல்லா அடிக்கச் சொல்லுக்கா, எல்லாரும் ஆடுறோம்!"

போனை வைக்கவும் அவளுக்குக் கை வரவில்லை. சாவு மேளத்துக்கு ஆடுவது ஊர் வழக்கம்தான். அப்பாவுக்காகத்தான் ஆடுகிறோம் என்பது ஆடுகிறவனுக்குத்தான் தெரியவில்லை.