புதினா மிட்டாயும் பேர் வெட்டின டப்பாவும்

உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், மொத்தமும் பாழ். இதைச் செல்லக்கனிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொதிக்கிற சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து, பேக்கரி சாமான் கடையில் வாங்கிய சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டு, அது இளகிப் பளபளவென்று வருகிற நேரத்தில் ஈரக் கரண்டியை விட்டுக் கிண்டிவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் அது களிமண்ணாக இறுகிப்போனது. கரண்டியை வீசிவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில், பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க நின்று துணி சுருட்டிவிட்டு வந்து, இது என்ன கூத்து என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கூத்தை ஆரம்பித்து வைத்தவர் அவள் புருஷன் ஜெபக்குமார். ராஜபாளையத்து மில்லில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. அன்றிலிருந்து புதன், சனி இரண்டு நாளும் விடியுமுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, பிழிந்த துணியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் கணக்கு. அரை லிட்டர் பாட்டில்தான் ஒரு முழு நாளைக்கு. நாக்கு வறண்டால் ஒரு புதினா மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்ளும்படி சொன்னது அங்கே இருக்கும் நர்ஸ் ஈஸ்வரி. அந்த மிட்டாய்தான் மூன்று வருஷமாக அவருக்குத் தண்ணீர்.

கிறிஸ்துமஸுக்கு அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கிக்கொள்ளலாமே என்றாள் செல்லக்கனி.

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவா வாங்கிட்டுப் போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்ட்டி" என்று சிரித்தார். சிரிப்பு வந்தே நாளாகிவிட்டது அவருக்கு. அதற்காகவே அவள் சரி என்றாள். நர்ஸுகளுக்குச் சாக்லேட்டில் முக்கி எடுத்த புதினா மிட்டாய். கூட உட்கார்கிற நோயாளிகளுக்குச் சாக்லேட் ஆகாது. அவர்களுக்கு வெறும் புதினா மிட்டாய். போனில் வீடியோ பார்த்து எல்லாம் அவரே முடிவு செய்திருந்தார். செய்கிறவள் மட்டும் அவள்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவரும் உட்கார்ந்து செய்தார். மிக்ஸியில் அரைத்த சீனியில் வெண்ணெயும் துளிப் பாலும் விட்டு, நாலு சொட்டுப் புதினா எசன்ஸ் சேர்த்து அவள் பிசைந்து கொடுத்தாள். அவர் வலது கையால் கிள்ளிக் கிள்ளி, காசு மாதிரி வட்டமாகத் தட்டித் தட்டில் அடுக்கினார். ஃபிட்டர் கையல்லவா, ஒன்றுக்கொன்று நூல் பிசகவில்லை. அவள் எழுந்து, காய்ந்த கரண்டி எடுத்து, மிச்சமிருந்த கட்டியை மறுபடி உருக்கினாள்.

"நாளைக்கே கொடுக்கணுமா? சனிக்கிழமை கொடுத்தா என்ன? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள்.

"சனிக்கிழமை நான் வரல."

"வராம?"

"நாளையோட சரி. நாளான்னைக்குக் கிறிஸ்துமஸ் கும்பிட்டுட்டு வீட்டோட இருந்துக்கிடுறேன். போதும் கனி. சலிச்சுப்போச்சு." தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பிளாஸ்டிக் டப்பா வாங்கிட்டு வந்திருக்கேன் பாரு, அதுல போடு. தின்னுட்டுத் தூரப் போட்டுருவாக."

பரிசு என்று சொல்லி அவர் விடைபெறுகிற பலகாரத்தையல்லவா அவள் கையாலேயே செய்யவைத்துவிட்டார்! மெஷினை நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அது இரண்டு பேருக்கும் தெரியும். செல்லக்கனி கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டாமா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், சனிக்கிழமை நன்றாக விடிகிற வரை தூங்கலாம் என்று நினைத்தாள். அடுத்த கணம் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவர் போய்ப் படுத்த பிறகு, பிளாஸ்டிக் டப்பாக்களை அப்படியே கட்டி மூலையில் போட்டாள். நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த எவர்சில்வர் டப்பாக்களை இறக்கினாள். மூடியிலும் அடியிலும் 'செல்லக்கனி' என்று பேர் வெட்டிய டப்பாக்கள். பேர் வெட்டிய பாத்திரத்தை எவளும் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாள். வெறுமையாகவும் திருப்பித் தர மாட்டாள். பெரியதாக நாலை எடுத்துத் துடைத்து நிரப்பினாள். சின்னது ஒன்று மிஞ்சியது.

மறுநாள் அவரை நாற்காலியில் சாய்த்து, ஊசி குத்தி, மெஷின் ஓட ஆரம்பிக்கும் வரை பையை அவள் திறக்கவில்லை. இனி நாலு மணி நேரத்துக்கு மனுஷன் அசைய முடியாது அல்லவா?

"அக்கா, நீங்களே செஞ்சதா!" ஈஸ்வரி ஒன்றை எடுத்துக் கடித்தாள். "ஆத்தாடி, உள்ள சில்லுன்னு இருக்கு! டப்பால பேரு வேற வெட்டியிருக்கே. சனிக்கிழமை கழுவித் தாரேன்க்கா."

"எங்க அம்மா கொடுத்தது, தொலைச்சிராத தாயி. நான் மறதிக்காரி. அண்ணன் கையிலயே கொடுத்துரு" என்று புருஷனைக் காட்டி, வார்டே கேட்கும்படி சொன்னாள் செல்லக்கனி.

பக்கத்து நாற்காலியில் இருந்த சோழபுரத்து முத்துப்பாண்டி, பழைய பட்டாளத்துக்காரர், மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "வெறும் டப்பாவத் திருப்பிக் கொடுத்தா எம் பொஞ்சாதி என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா. தோட்டத்துப் பாசிப்பயறு போட்டுத் தாரேன். சனிக்கிழமை வந்துரும்யா ஜெபக்குமார், நான் பாட்டுக்கு டப்பாவத் தூக்கிட்டு அலைய முடியாது" என்றார்.

ஜெபக்குமார் பெண்டாட்டியை முறைத்த முறைப்பில் மெஷின் நின்றிருக்க வேண்டும். நாலு டப்பாவும் போன பிறகு கடைசி நாற்காலியில் ஒரு விசும்பல் கேட்டது. மாடத்தி என்று ஓர் அம்மா, அன்றைக்குத்தான் முதல் தடவை. ஊசியைப் பார்க்கப் பயந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜெபக்குமார் அவளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், பாதி வழி வந்த பிறகு அவர் கேட்டார்.

"வேணும்னுதான செஞ்ச?"

"ஆமா, வேணும்னுதான் செஞ்சேன்."

"நான் படுற பாடு உனக்கு வெளையாட்டா இருக்கு."

அவ்வளவுதான், செல்லக்கனிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் சலிக்கலையா? மூணு வருசமா நான் ஒருநாள் விடியத் தூங்குனது உண்டா? நேத்து நீங்க வரலன்னு சொன்னதும், நல்லாத் தூங்கலாம்னு நெனச்ச பாவிங்க நான். ஆனா, நீங்க இல்லாத வீட்டுல எனக்கு என்னத்தத் தூக்கம் வரும்? டப்பாவ வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். நான் இனிமே உங்கள எழுப்ப மாட்டேன். சத்தியமா எழுப்ப மாட்டேன்."

முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். ஜெபக்குமார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று தேடித் தேடிக் களைத்துப்போனாள். படுக்கும்போது, எழுப்பத்தான் மாட்டேனே தவிர முழித்துக் கிடப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். உடம்பு கேட்டால்தானே. கட்டையைச் சாய்த்தது போலத் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது பக்கத்துப் பாய் சுருட்டியிருந்தது. பதறி எழுந்தாள். அடுப்படியில் விளக்கு எரிந்தது.

ஜெபக்குமார் சட்டை போட்டு, தலை சீவி, தரையில் உட்கார்ந்திருந்தார். ஃபிரிட்ஜில் மீந்து கிடந்த புதினா மிட்டாய்களைப் பரணிலிருந்து இறங்கிய அந்தச் சின்ன டப்பாவில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். வெறும் புதினா, சாக்லேட் இல்லாதது.

"அந்த மாடத்தியம்மாவுக்கு அன்னைக்குக் கொடுக்கலல்லா" என்றார், நிமிராமல்.

செல்லக்கனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வர வேண்டுமே என்று ஏதோ ஒன்றைக் கேட்டு வைத்தாள்.

"மூலையில பிளாஸ்டிக் டப்பா கெடக்கே. அதுல போட்டா என்ன?"

"அது திரும்பி வராதுட்டி" என்றார் அவர். மூடியை வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். "முகத்தக் கழுவிட்டு வா. பஸ்ஸு போயிரும்."