பூங்காவுக்குள் இருக்கும் தெரு

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்தது. ஆவடியில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் படம் அது. விரிந்துகொண்டே போகும் நகரத்தில் எந்த நிலம் எதற்கு என்று வரைபடம் வரைந்து, "உங்கள் கருத்து என்ன?" என்று மக்களைக் கேட்ட கூட்டம். படத்தில், சேக்காட்டில் துணி தேய்த்துக் கொடுக்கும் சரசா ஓர் அதிகாரிக்குச் சால்வை போர்த்துகிறாள். கீழே ஒரு வரி: 'பூங்காத் திட்டத்துக்குப் பகுதி மக்கள் மகிழ்ச்சி.'

அந்தப் பூங்கா வரப்போகும் இடத்தில்தான் சரசாவின் வீடு இருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஏ அதிகாரமே! ஏழையின் குடிசையைப் பறித்து

(அடித்துவிட்டேன். துண்டறிக்கை எழுதிப் பழகிய கை. அது குடிசையும் அன்று. தளம் போட்ட வீடு. தவிர, அங்கே பூங்கா கேட்டது அதிகாரம் இல்லை.)

பிறகு இப்படி:

பத்தாவது மாடியில் நின்ற ஷர்மிளா, இரக்கமற்ற கண்களால்

(இதையும் அடித்தேன்.)

பூங்கா கேட்டவள் ஷர்மிளா. சிவகாசியிலிருந்து வந்தவள், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவள் மகன் விளையாட அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தைத் தவிர வேறு இடம் கிடையாது. ஒருநாள் பின்னோக்கி வந்த கார் அவன் காலில் ஏறியது. அதன்பின் அவள் ஒரு கூட்டத்தையும் விடவில்லை. வரைபடத்தில் அடுக்ககத்துக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த ஓரிடத்தைத் தொட்டு, "இங்கே" என்றாள். அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள்.

'குடிமக்களே, உங்கள் நகரத்தை நீங்களே திட்டமிடுங்கள்!' என்று ஊர் ஊராக முழங்கியவன் நான். அவள் அதைத்தான் செய்தாள். அவளைக் கொடியவளாக்க என் பேனா மறுக்கிறது.

3

பட்டா இல்லாததால் வரைபடத்தில் ஏறாத சரசாவின் தெருவுக்குச் சேதி வந்தது. ஆட்டோ ஓட்டும் உத்தமன் யோசனை சொன்னான்.

"சும்மா போய் நின்னா எவன் நம்மள பாப்பான்? மொதல்ல ஒரு சால்வ போடு. மன்சன் குளுந்துருவான். அப்பால மேட்டர சொல்லு."

"என் ஊட்டுக்காரருக்கே நான் சால்வ போட்டதில்ல. இன்னா உத்தமா நீ?" என்றாள் சரசா.

"அவுருக்குப் போட்டா இன்னா, பட்டாவா குடுப்பாரு?"

தெரு சிரித்தது. சரசா சால்வை வாங்கினாள்.

[ஒரு குறிப்பு. எங்கள் மேடைகளில் சால்வை போர்த்தாமல் எதுவும் தொடங்குவதில்லை. தன்மானம் பேசிய மேடைகளும் அப்படித்தான். கேட்க வந்தவர், கேட்பதற்கு முன்னால் பணிய வேண்டும். அதை மரியாதை என்று அழைக்கிறோம். தோள் கூச என் மீதும் போர்த்தியிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றதில்லை.]

4

கூட்டத்தில் சரசா அதிகாரிக்குச் சால்வை போர்த்தினாள். படம் எடுத்தார்கள். அதிகாரி கைகூப்பி, "உங்க ஏரியாவுக்குப் பூங்கா வருதும்மா. சந்தோஷந்தானே?" என்றார்.

இவ்வளவு பெரிய மனிதர் முகம் பார்த்துக் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமா சார்," என்றாள்.

அரங்கம் கைதட்டியது. "சார், எங்க தெரு..." என்று அவள் தொடங்கியபோது, அடுத்த சால்வையோடு அடுத்தவர் வந்துவிட்டார்.

அவளை யாரும் தடுக்கவில்லை. மக்களைக் கேட்கவில்லை என்றால் நான் நெருப்பைக் கக்கியிருப்பேன். கேட்டார்கள். அவளும் பதில் சொன்னாள். இந்தத் துயரத்துக்கு என்னிடம் முழக்கம் இல்லை.

5

மறுநாள், கூட்டத்தில் அந்தப் பாதிச் சொல்லைக் கேட்டிருந்த ஷர்மிளா, அடுக்ககத்தின் வாசலில் நிற்கும் சரசாவின் இஸ்திரி வண்டிக்கு வந்தாள்.

"சரசாக்கா, எங்க ஜன்னல் ரோட்டுப் பக்கம். பின்னால காலி எடம்னுதான் நெனச்சேன். மேப்ல ஒண்ணுமே இல்லியே."

"மேப்புல நான் இல்லன்னா, இத்தினி நாளா உன் துணிய யாரும்மா தேச்சது? பேயா?"

"சத்தியமா தெரியாதுக்கா."

"நீ கேக்கல. நானும் சொல்லல. உடு. புள்ளைக்குக் கால் எப்டி கீது?"

"நடக்குறான். ஓட முடியல."

சரசா தலையாட்டிவிட்டு, சட்டையின் காலரைத் திருப்பித் தேய்த்தாள்.

6

முடிவு ஒன்று: இரு பெண்களும் கைகோத்து நடக்கிறார்கள்; வரைபடம் திருத்தப்படுகிறது. (கைதட்டலுக்கான முடிவு. மேடையில் பலமுறை விற்றிருக்கிறேன்.)

முடிவு இரண்டு: இயந்திரம் வருகிறது. பிறகு புல் வளர்கிறது. சரசாவின் அடுப்படி இருந்த இடத்தில் ஒரு சிறுவன் பந்தை உதைத்துப் பழக

(முடியவில்லை.)

இதைக் கதையாக எழுதுகிறேன் என்று சரசாவிடம் சொன்னேன். "கதையிலயாச்சும் ஊட்ட இடிச்சிராத அண்ணாத்தே," என்றாள்.

வீடு நிற்கிறது என்று எழுதினால், வாசகரே, நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இடிந்தது என்று எழுதினால், அவள் சொல்லைக் கேளாமல் தீர்மானித்தவர்களின் வரிசையில் நானும் நிற்பேன்.

ஆட்சேபம் சொல்ல இன்னொரு கூட்டம் இருக்கிறது. அங்கே சரசா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அடுக்ககத்தின் சார்பில் ஷர்மிளாவை அழைக்கிறார்கள். மகனின் கையைப் பிடித்தபடி, அவன் நடைக்கு ஏற்ப மெல்ல நடந்து மேடையேறுகிறாள். ஒலிவாங்கியைக் கையில் எடுக்கிறாள். "ஐயா, அந்த இடத்துல..." என்கிறாள்.

அடுத்த சொல்லை நான் எழுதப்போவதில்லை. அவள் இடத்தில் நின்று, நீங்கள் சொல்லுங்கள்.