முனை உடைந்த வேல்

ஏற்காட்டில் அந்த ஓட்டலுக்கு யாரும் ருசிக்காகப் போவதில்லை. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். மொட்டை மாடியில் மேசை போட்டிருப்பார்கள், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம், அதற்குத்தான் வேன் வேனாகக் கூட்டம். கும்மிடிப்பூண்டி கம்பி மில்லிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பனி ஏறி வந்து பள்ளத்தாக்கை மூடிவிட்டது.

மில்லுக்கு லீவு அமாவாசை அன்றைக்குத்தான். அதனால் டூரும் அமாவாசையில். கூடவே கல்பனாவையும் அழைத்து வந்திருந்தார்கள். அவள் புருஷன் வசந்தகுமார் போன வருஷம், 2006 ஐப்பசியில், உருக்கிய இரும்பு கொதிக்கிற கொப்பரைக்குள் விழுந்தவன். எடுத்து எரிக்க ஒரு எலும்புகூட மிஞ்சவில்லை.

ஆளை விழுங்கிய இரும்பை விற்கக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும், எல்லா மில்லிலும் அது வழக்கம். முதலாளியும் அப்படியே செய்ததாகச் சொன்னார். அந்தக் கொப்பரை இரும்பு முழுவதையும் பின்சுவர் ஓரம் வேப்பமரத்தடியில் புதைத்தாயிற்று, பூசை போட்டாயிற்று, துக்கத்துக்காக மூன்று நாள் மில்லையும் மூடியாயிற்று என்றார். கல்பனா கேட்டபோது, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்தது பரசுராமன்தான். கம்பி உருட்டும் பகுதியின் மேஸ்திரி. நல்ல மனுஷன், பிறர் சொன்னதை நம்பிச் சத்தியம் செய்கிற அளவுக்கு நல்ல மனுஷன். அன்றிலிருந்து அமாவாசைதோறும் அவள் வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போய், அந்த மரத்தடியில் சோறு வைத்துவிட்டு வருகிறாள்.

இன்றும் இலையில் சோறு விழுந்ததும் ஒரு கவளம் உருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"காக்காவுக்கு வெச்சிட்டு வந்துடறேண்ணே. நீங்க சாப்புடுங்க."

"இந்தப் பனியில காக்கா எங்கம்மா வரப்போவுது?" என்றான் பக்கத்து இலையில் இருந்த பரசுராமன்.

"வராதுதான். அவரு அங்க மரத்தாண்ட இல்ல கீறாரு? இம்மாந்தூரம் எப்பிடி வருவாரு?" என்றவள் மாடி ஓரமாக நடந்தாள்.

அங்கே மேல்தளம் கட்டுவதற்காகத் தூண்களின் தலையில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார்கள். துணைக்குப் போன பரசுராமன் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்த கை சட்டென்று விலகியது. கம்பி சுட்டது. மேசையும் நாற்காலியும் ஐஸாகக் குளிர்ந்து கிடக்க, இது மட்டும் காய்ச்சல்காரன் நெற்றியாய் இருந்தது. அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன். அடுத்த தூணின் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அதுவும் சுட்டது.

துருவுக்கு நடுவே மில்லின் அடையாளம் தெரிந்தது, ஒரு சின்ன வேல். எல்லாக் கம்பியிலும் விழுகிற வேல்தான். ஆனால் இதற்கு முனை இல்லை.

கம்பியில் அந்த வேல் அடையாளத்தைப் பதிக்கிற உருளையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வசந்தகுமார் செத்த அன்று அது முழுசாக இருந்தது. துக்கம் முடிந்து மில் திறந்தபோது உருளையில் வேலின் முனை உடைந்து கிடந்தது. கேட்டதற்கு, "கிரேன் இடிச்சிட்டுது" என்றார்கள். அப்போதே உருளையை மாற்றிவிட்டுத்தான் முதல் கம்பியை ஓட்டினான். அப்படியானால் முனை உடைந்த வேலோடு உலகத்தில் ஒரு கம்பிகூட இருக்கக் கூடாது.

இருக்கிறது. மூடிக்கிடந்ததாகச் சொன்ன மூன்று நாளில், வேலை தெரியாத வெளியாட்களை வைத்து அந்தக் கொப்பரை இரும்பைக் கம்பியாக உருட்டி விற்றிருக்கிறார்கள். உருளை உடைந்தது அதில்தான். வேப்பமரத்தடியில் பேருக்கு ஒரு துண்டு போயிருக்கலாம், அதுவும் சந்தேகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள்.

சொல்லாமல் விட்டால் இவள் சாகிற வரைக்கும் வெறும் மண்ணுக்குச் சோறு வைப்பாள். சொன்னால் அந்த மரமும் இல்லாமல் போகும். புருஷன் என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த மரம் ஒன்றுதான். பரசுராமனுக்கு அழுகைதான் வந்தது.

கல்பனா சோற்றை வைக்க ஈரமில்லாத இடம் தேடினாள். மாடி முழுக்கப் பனி சொட்டிக் கிடக்க, அந்தத் தூணின் அடி மட்டும் காய்ந்திருந்தது. குனிந்து சோற்றை வைத்து, எழும்போது கம்பியைப் பிடித்தாள். பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

"இன்னாண்ணே இது, இப்பிடிச் சுடுது?"

அவள் கட்டைவிரல் அந்த வேல் அடையாளத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "நம்ம மில்லுக் கம்பியா? முனை உடைஞ்சிகீதே."

"மில்லு மூடியிருந்துச்சின்னு சொன்னாங்களே, அந்த மூணு நாள்ல ஓட்னதும்மா," என்றான். "புதைச்சிட்டோம்னு எங்கிட்டயும் பொய் சொல்லிகீறானுங்க. தெரியாம உங்கிட்ட சத்தியம் பண்ட்டேன்."

அவள் அழவில்லை. கம்பியை விடாமலே கேட்டாள். "அப்ப இத்தினி அமாவாசையா நான் யாருக்குண்ணே சோறு வெச்சேன்?"

வேன்காரன் கீழே ஹாரன் அடித்தான். மேசையைத் துடைக்க வந்த சர்வர் இவர்களைப் பார்த்துவிட்டு, "கம்பி கையைக் கிழிச்சிரும், பார்த்துங்க. அடுத்த மாசம் மேல கான்கிரீட் போட்டுட்டா மறைஞ்சிரும்," என்றான்.

"மறைஞ்சிடுமா?"

"சுத்தமா மூடிருவாங்க."

கல்பனா மேசைக்குப் போய்த் தன் இலையைச் சோற்றோடு தூக்கி வந்தாள். தூணுக்குப் பக்கத்தில், ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வேனை கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கண்ணே," என்றாள். "அவர பக்கத்துல வெச்சி சாப்ட்டு ஒரு வருசமாவுது."

பரசுராமன் படியிறங்கப் போனான். பின்னால் அவள் பேசுவது கேட்டது, கோபித்துக்கொள்கிற குரலில், புருஷனிடம் பேசுகிற மாதிரி. திரும்பிப் பார்த்தான். தூணடியில் வைத்த கவளத்தைக் காணவில்லை. காக்கா எதுவும் வரவில்லை.